ஷூவுக்கு வாரண்டி உண்டு, முழங்காலுக்கு?

1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், விடாத மழை. ஒரு பக்கம் நான்கு வருடங்களாகத் தோல்வியே பார்க்காத ஹங்கேரி. எதிரே மேற்கு ஜெர்மனி. எட்டு நிமிடத்துக்குள் ஹங்கேரி 2-0 என்று முன்னால் போய்விட்டது. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 3-2, கோப்பை ஜெர்மனிக்கு!

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ஒரு கதை சொல்வார்கள். அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர், ஜெர்மனி வீரர்களுக்குத் திருகி மாட்டும் ஸ்டட் வைத்த பூட்ஸ் கொடுத்திருந்தார். மழை வந்ததும் நீளமான ஸ்டட்டுக்கு மாறிக்கொண்டார்கள். ஹங்கேரிக்காரர்கள் சேற்றில் வழுக்கினார்கள், ஜெர்மானியர்கள் நின்று ஆடினார்கள். (திருகு ஸ்டட்டை முதலில் செய்தது யார் என்பதில் அண்ணன் தம்பி கம்பெனிகளான பூமாவுக்கும் அடிடாஸுக்கும் தனிச் சண்டை. அது வேறு கதை.)

அன்றிலிருந்து கால்பந்து ஷூ விளம்பரங்களுக்கு ஒரே மந்திரம்தான்... கிரிப்! வழுக்காது, விடாது, தரையைக் கவ்விப் பிடிக்கும். அதற்கு அடுத்த கேள்விக்கு எந்த விளம்பரமும் போவதில்லை. ஷூ தரையைக் கவ்விப் பிடித்திருக்கும் அதே நொடியில் உடம்பு வேறு பக்கம் திரும்பினால் அந்தத் திருகல் எங்கே போகும்?

முழங்காலுக்குப் போகும்.

ஏ.சி.எல். என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்படாத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் லிகமெண்ட் அது. கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அறுந்துவிட்டால் தானாக ஒட்டி முன்போல் ஆவது அபூர்வம். தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அங்கே கட்ட வேண்டும். மறுபடி மைதானத்தில் இறங்க ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகும். அதோடும் முடிவதில்லை. ஏ.சி.எல். அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10, 20 வருடங்களில் அந்த மூட்டில் தேய்மானம் வந்துவிடுகிறது. அதாவது 18 வயதில் அறுத்துக்கொண்டவர் 38 வயதிலேயே படியேறும்போது கைப்பிடியைத் தேடுவார்.

இன்னொரு விஷயம். ஏ.சி.எல். அறுந்த வீடியோக்களைப் பார்த்தால், விழுந்தவர் பக்கத்தில் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்! இந்தக் காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை யாரும் மோதாமலே நடப்பவை. ஓடுகிறார், காலை ஊன்றுகிறார், திரும்புகிறார், விழுகிறார். டிவியில் உடனே ‘துரதிர்ஷ்டம்’ என்பார்கள். ஊரில் ‘கண்ணு பட்டுடுச்சு’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஷூவையும் தரையையும் யாரும் விசாரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வசதியான தீர்ப்பு கிடையாது.

கிரிப் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் அடங்கியிருக்கின்றன. நேராக ஓடவும், பிரேக் போடவும், உந்தித் தள்ளவும் தேவைப்படுவது ஒன்று. இது குறைந்தால் வழுக்கி விழலாம். இன்னொன்று, ஊன்றிய பாதம் தரையில் சுழல முயலும்போது அதைத் தடுக்கும் பிடி. முழங்காலுக்கு எமன் இந்த இரண்டாவதுதான். நல்ல ஷூ என்றால் முதலாவதைத் தர வேண்டும், இரண்டாவதில் ஓர் அளவுக்கு மேல் போனால் ‘சரி, போ’ என்று பாதத்தை விட்டுவிட வேண்டும். கடையில் விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ‘சூப்பர் கிரிப்’ என்று நீட்டுகிறார்கள்.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த ரகசியம் என்றால் கம்பெனிகளை மன்னித்துவிடலாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோசப் டார்க் என்ற மருத்துவர் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது 1971-ல்! (அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் ஸ்டட்டுக்கு எந்த ஆட்டம் என்றெல்லாம் தெரியாது.) நீளமான சில ஸ்டட்கள் வைத்த பழைய ஷூவுக்குப் பதில் நிறையக் குட்டை ஸ்டட்கள் வைத்த சாக்கர் மாதிரி ஷூவைப் போட வைத்தார்கள். முழங்கால் காயங்களின் எண்ணிக்கையும் குறைந்தது, கடுமையும் குறைந்தது. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, வெறும் ஷூ மாற்றம்.

அடுத்தது 1989 முதல் 1991 வரை, அதே நாட்டில், 3,119 பள்ளி வீரர்கள். ஓரங்களில் நீளமாகவும் நடுவில் குட்டையாகவும் ஸ்டட் வைத்த ஒரு வகை ஷூ அப்போது பிரபலம். மூன்று சீசனில் 42 ஏ.சி.எல். அறுந்தன. அதில் 38 பேர் காலில் இருந்தது அந்த ஓர ஸ்டட் ஷூ. நிறையப் பேர் அதைப் போட்டதால்தானே நிறையக் காயம் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். கணக்கில் அதையும் கழித்துப் பார்த்தாயிற்று. அப்படியும் மற்ற ஷூக்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆபத்து. சோதனைக்கூடத்தில் அளந்தபோது சுழற்சியை அதிகமாகத் தடுத்ததும் அதே ஷூதான். 1996-ல் இது வெளியாயிற்று. ஷூ பெட்டியின் மேல் ‘இவ்வளவு சுழற்சித் தடை’ என்று ஓர் எண் அச்சாக அதன்பின் எத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும்? இன்றுவரை கிடையாது. சிகரெட் பெட்டியில் படம் போட வைக்க முடிகிறது, சோப்பு டப்பாவில் எடை போட வைக்க முடிகிறது. பல ஆயிரம் ரூபாய் ஷூவில் ஓர் எண் போட வைக்க முடியவில்லை.

நடுவர்களாவது பார்ப்பார்களா? ஆட்டத்துக்கு முன் ஷூவைத் திருப்பச் சொல்லி அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பார்கள். ஆபத்தான எதையும் அணியக் கூடாது என்று கால்பந்தின் 4-வது விதி சொல்கிறது. ஸ்டட் கூராக இருக்கிறதா, எதிராளியின் காலைக் கிழிக்குமா என்பதுதான் சோதனை. போட்டிருப்பவரின் சொந்த முழங்காலைப் பற்றி அந்த விரல்களுக்குக் கவலை இல்லை.

சரி, தரை பக்கம் வருவோம்.

1965-ல் ஹூஸ்டனில் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் அரங்கம் திறந்தார்கள். உள்ளே புல் பிழைக்கவில்லை. 1966-ல் பிளாஸ்டிக் விரித்தார்கள், ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் 1981-ல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் பிளாஸ்டிக் தரை போட்டது. லூட்டன், ஓல்டம், பிரஸ்டன் பின்தொடர்ந்தன. பந்து ரப்பர் பந்து மாதிரி எகிறியது, சறுக்கி விழுந்தவர்களுக்குத் தோல் உரிந்தது. 1990-களின் நடுவில் அந்தக் கூத்து அங்கே முடிந்தது. பிறகு வந்தது மூன்றாம் தலைமுறை. நீண்ட பிளாஸ்டிக் இழைகள், நடுவில் மணலும் ரப்பர் துகளும். 2004-ல் கால்பந்து விதிப் புத்தகமே செயற்கைத் தரையை ஏற்றுக்கொண்டது.

இந்த மூன்றாம் தலைமுறைத் தரைக்காரர்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்கள் சிலவற்றை வைத்து 2006-ல் சுவீடன் ஆய்வாளர் யான் எக்ஸ்ட்ராண்ட் குழு வெளியிட்ட முடிவு: மொத்தக் காய விகிதத்தில் புல்லுக்கும் செயற்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் கணுக்கால் சுளுக்கு செயற்கைத் தரையில் அதிகம் என்றும் இருந்தது. அதை மட்டும் விற்பனைப் பிரதிநிதிகள் மறந்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், அந்த வீரர்கள் யார் என்பது. ஷூவை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், தரையைச் சீவிவிட ஓர் ஆள், தொடையைப் பிடித்துவிட ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டு ஆடுகிற ஐரோப்பியத் தொழில்முறை வீரர்கள். அவர்கள் கணக்கை எடுத்துவந்து காலேஜ் பையன் தலையில் வைத்துத் தைப்பது என்ன நியாயம்?

புல் என்றால் மட்டும் புனிதமா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஆர்ச்சர்ட் என்ற மருத்துவர் அந்த நாட்டு ஃபுட்டி ஆட்டத்தில் வருடக்கணக்காக இதைத் துருவினார். மழை குறைந்து தரை காய்ந்திருக்கும்போது ஏ.சி.எல். காயம் கூடுகிறது. புல்லின் ஜாதிகூட முக்கியம்! பெர்முடா புல்லின் அடியில் தண்டும் வேரும் பின்னிப் பாய்போல் கிடக்கும், ஸ்டட் உள்ளே போனால் சிக்கிக்கொள்ளும். ரை புல்லில் அந்தப் பின்னல் குறைவு, ஸ்டட் எளிதாகக் கழன்றுவிடும். ரை புல் போட்ட மைதானங்களில் காயம் குறைவு என்று 2005-ல் எழுதினார். பெர்முடா என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிள்ளையாருக்குப் போடும் அருகம்புல்தான் அது. வெயில் தாங்கும் என்பதால் இந்திய மைதானங்களிலும் இந்த வகைதான் அதிகம்.

ஆக குற்றவாளி ‘பிளாஸ்டிக்’ என்றோ ‘ஸ்டட்’ என்றோ தனியாகக் கைகாட்ட முடியாது. குற்றவாளி அந்த ஜோடி. இந்த ஷூ, இந்தத் தரையில், எவ்வளவு கவ்வுகிறது? கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை!

ஃபிஃபாவிடம் போனால் தரைக்குச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சோதனை எப்படி? ஆறு ஸ்டட் பதித்த ஒரு வட்டத் தகடு, மேலே 46 கிலோ எடை, அதைத் தரையில் வைத்துத் திருகுவார்கள். உயர்தரச் சான்றிதழுக்கு 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் வர வேண்டும் என்று கணக்கு. நல்லது. ஆனால் ஆடப்போவது தகடு இல்லையே. 75 கிலோ ஆள், முழு வேகத்தில், கடையில் வாங்கிய பிளேடு மாதிரி ஸ்டட்டோடு வந்து ஊன்றப்போகிறார். அந்த ஷூவுக்கு என்ன எண் என்று கேட்டால் ‘ஷூ எங்கள் வேலை இல்லை’. ஷூ கம்பெனியிடம் கேட்டால் ‘தரை எங்கள் வேலை இல்லை’. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகன் மாதிரி நிற்கிறது முழங்கால்.

இன்னும் ஒரு கொடுமை. எஃப்.ஜி. என்று முத்திரை குத்திய ஷூ இயற்கைப் புல்லுக்கானது. அதைச் செயற்கைத் தரையில் போட்டு ஆடினால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன. யோசித்துப் பாருங்கள். அந்தத் தரையில் தங்கள் ஷூவின் அடிப்பாகம் அளவுக்கு மீறி இழுபடும், பிய்ந்துவிடும் என்று கம்பெனிக்கே தெரிகிறது. தோலும் பிளாஸ்டிக்கும் தாங்காது என்று தெரிந்தவர்களுக்கு நாரும் சதையும் தாங்காது என்று தெரியாதா? தெரிந்த விஷயத்தை வாரண்டி விதியில் பொடி எழுத்தில் போட்டார்கள், போஸ்டரில் போடவில்லை.

இதில் பணமும் அதிகாரமும் எப்படி விளையாடுகின்றன என்று பார்க்க 2015 கனடா போதும். பெண்கள் உலகக் கோப்பை, ஆறு நகரங்கள், ஆறிலும் செயற்கைத் தரை. ஆண்கள் உலகக் கோப்பையை ஒருபோதும் முழுக்கச் செயற்கைத் தரையில் நடத்தியதில்லை. அமெரிக்க வீராங்கனை சிட்னி லெரூ 2013-லேயே செயற்கைத் தரையில் ஆடி ரத்தம் கட்டிய தன் கால்களின் படத்தை வெளியிட்டிருந்தார். 2014 அக்டோபரில் அபி வாம்பாக் உள்ளிட்ட வீராங்கனைகள் கனடாவில் பாலினப் பாகுபாடு என்று வழக்கே போட்டார்கள். போட்டி தொடங்குவதற்குள் தீர்ப்பு வராது என்ற நிலை, 2015 ஜனவரியில் வாபஸ். வான்கூவரின் பி.சி. பிளேஸ் அரங்கத்தில் பிளாஸ்டிக் மேல் இறுதி ஆட்டம் நடந்தது.

அதே பி.சி. பிளேஸ் 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கும் தேர்வானது. இந்த முறை இயற்கைப் புல் கட்டாயம் என்றது ஃபிஃபா. வழக்கமாகச் செயற்கைத் தரை வைத்திருக்கும் அமெரிக்க அரங்கங்களுக்கும் அதே நிபந்தனைதான், இறுதி ஆட்டத்துக்குத் தேர்வான மெட்லைஃப் உட்பட. ஆக 2015-ல் ‘முடியாது’ என்றது முடியாத காரியம் இல்லை. வேண்டாம் என்று விட்ட காரியம். நெதர்லாந்தின் முதல் டிவிஷன் 2025-26 சீசனிலிருந்து செயற்கைத் தரையைத் தடை செய்துவிட்டது. ஸ்காட்லாந்தின் முதல் டிவிஷன் கிளப்கள் 2026-27 முதல் தடை என்று 2024-ல் முடிவெடுத்தன. பணக்கார லீக்குகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குத் திரும்ப, பிளாஸ்டிக் யாருக்கு மிஞ்சுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் தரையோடு முடியவில்லை, ஷூவும் சேர்ந்துகொண்டது. ஒரே அளவு ஆடினாலும் பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது ஆண்களைவிட 2, 3 மடங்கு அதிகம். 2022 ஜூலையில் அலெக்சியா புடேயாஸ், அந்த நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியானே மீடமா, 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன். உலகின் தலைசிறந்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். காரணம் ஷூ மட்டுமே என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பு அமைப்பு, தசை வலு, பயிற்சி வசதி, ஆட்ட நெரிசல் எல்லாம் உண்டு. ஆனால் ஐரோப்பிய கிளப்கள் சங்கம் 2023-ல் முன்னணி வீராங்கனைகளிடம் கேட்டபோது 82 சதவீதம் பேர் ஷூவால் வலியோ அசௌகரியமோ இருப்பதாகச் சொன்னார்கள். பெண் பாதத்தின் குதிகால் குறுகியது, வளைவு வேறு. சந்தையில் கிடைத்ததோ ஆண் ஷூவின் சின்ன சைஸ், கூடுதலாக ஒரு ரோஸ் கலர் கோடு!

2023-ல் நைக்கி ‘ஃபாண்டம் லூனா’ என்று பெண்களுக்கான ஷூவைக் கொண்டுவந்தது. பாதம் சுழல வசதியாக ஸ்டட்களை வட்டமாக அடுக்கியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். வரவேற்கலாம். கூடவே ஒரு கேள்வி. டார்க் சொன்னது 1971, இது 2023. நடுவில் 52 வருடம். அதுவரை எத்தனை மூட்டுகள்?

‘வார்ம் அப் செய்யாமல் ஆடிவிட்டு ஷூவைக் குறை சொல்வதா?’ என்று கேட்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். வார்ம் அப் அவசியம், சந்தேகமே இல்லை. ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ என்ற 20 நிமிடப் பயிற்சியை நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடம் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இன்றைக்கே செய்யலாம், காசு செலவில்லை. ஆனால் ஹெல்மெட் போடு என்று சொல்வதால் ரோட்டில் பள்ளம் வைத்தவர் தப்பிக்க முடியுமா? வீரர் செய்ய வேண்டியதை வீரர் செய்யட்டும், விற்பவர் செய்ய வேண்டியதை விற்பவரும் செய்யட்டும். இதே வரிசையில் ‘அந்தக் காலத்தில் வெறுங்காலில் ஆடலையா, 1911-ல் மோகன் பகான் ஜெயிக்கலையா’ கோஷ்டியும் உண்டு. வெறுங்கால் தரையைக் கவ்வாது, சரி. எதிராளியின் பூட்ஸ் அந்த விரல்களைக் கவ்வும்.

இத்தனையும் கனடா, ஆஸ்திரேலியா சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. சென்னை, கோவை, மதுரை என்று எங்கே பார்த்தாலும் வலை கட்டி, லைட் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு டர்ஃப். நாள் முழுக்க ஆபீசிலோ கிளாசிலோ உட்கார்ந்த கால்கள் ராத்திரி 9 மணி ஸ்லாட்டுக்கு நேராக வந்து இறங்குகின்றன. காலில் என்ன? டிவியில் மெஸ்ஸியும் ரொனால்டோவும் புல் தரையில் போட்ட அதே மாடல், அல்லது அதன் மலிவுப் பதிப்பு, பெரும்பாலும் எஃப்.ஜி. கீழே என்ன? பல இடங்களில் கெட்டித் தளத்தின் மேல் விரித்த கம்பளம், துகள்கள் போய் இழைகள் படுத்துவிட்டன. சின்ன மைதானம் வேறு, அதனால் நிமிடத்துக்கு நாலு தடவை திரும்ப வேண்டும். நீளமான ஸ்டட் உள்ளே முழுக்க இறங்க இடமில்லாமல் கணுக்காலை ஆட்டுகிறது. இறங்கினாலோ விட மறுக்கிறது.

சில டர்ஃப்களில் ‘ஸ்டட் ஷூவுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு இருக்கும். சந்தோஷப்பட வேண்டாம், கம்பளம் கிழிந்துவிடும் என்ற பயம்தான். எந்தக் காரணமானாலும் அந்த போர்டு நல்லதே செய்கிறது. அதோடு ‘இந்தத் தரையைக் கடைசியாகச் சோதித்த தேதி, துகள் நிரப்பிய தேதி’ என்று இன்னொரு போர்டும் வைத்தால் என்ன? லிஃப்டுக்குள் சோதனைத் தேதி ஒட்டுவதில்லையா? கல்லூரி டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் ஜெர்சி கலர் பற்றி நாலு பத்தி சுற்றறிக்கை அனுப்புகிறார்கள். எந்தத் தரை, எந்த ஷூ என்று ஒரு வரி சேர்ப்பதற்கு பட்ஜெட் தேவையில்லை.

கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது பெட்டியில் இருக்கும் அந்த இரண்டெழுத்தை. எஃப்.ஜி. என்றால் புல்லுக்கு. ஏ.ஜி. என்றால் செயற்கைத் தரைக்கு, ஸ்டட் குட்டையாக, நிறைய எண்ணிக்கையில், பெரும்பாலும் வட்டமாக இருக்கும். டி.எஃப். என்றால் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முளைகள், வாடகை டர்ஃபுக்கு இதுவே போதும், விலையும் பெரும்பாலும் குறைவு. ‘எந்தத் தரையில் ஆடுவீங்க?’ என்று கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். சைஸ் மட்டும் கேட்டால், ஷூவை நீங்களே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.